இலங்கையோடு ராணுவ ஒப்பந்தம்: பழைய பாக்கியும் நடப்புக் கணக்கும்

நம் சங்க உறுப்பினர்களில் பலர், கூட்டத்திலும் சந்தையிலும் நம்மைப் பார்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "மீனவர்களைச் சுடுகிறார்கள், படகைப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டோடு போய் நம் அரசு ராணுவ ஒப்பந்தம் போடுகிறது. இது என்ன கணக்கு அண்ணாச்சி?" கேள்வி நியாயமானது. "நமக்கு எதற்கு அரசியல், வத்தல் விலையைச் சொல்லுங்கள்" என்பாரும் உண்டு. வத்தல் விலைக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தையும் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்ப்போம். 2025 ஜனவரி 28 அதிகாலையில் நெடுந்தீவு அருகே 13 இந்திய மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தது. அப்போது துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் பலத்த காயம் அடைந்தனர். டெல்லியில் இருந்த இலங்கைத் தூதரக அதிகாரியை அழைத்து நம் அரசு கண்டனம் தெரிவித்தது. ஏப்ரல் 2-ஆம் தேதி தமிழகச் சட்டமன்றம், கச்சத்தீவை மீட்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. மூன்றே நாளில், ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் பிரதமர் மோடியும் இலங்கை அதிபர் அநுர குமார திசாநாயக்கவும் இருக்க, பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் கைமாறியது. மறுநாள் அங்கிருந்து நேரே ராமேஸ்வரம் வந்து பிரதமர் புதிய பாம்பன் பாலத்தைத் திறந்து வைத்தார். இவற்றை அடுத்தடுத்துப் பத்திரிகையில் படித்தவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

வியாபாரிக்கு இது அவ்வளவு புதிரான காரியம் அல்ல. ஒரு கட்சிக்காரரிடம் நமக்குப் பழைய பாக்கி ஒன்று தகராறில் நிற்கும். "எடை குறைவு" என்று அவர் சொல்வார், "சரியாகத்தான் போட்டோம்" என்று நாம் சொல்வோம். பஞ்சாயத்து ஆண்டுக்கணக்கில் இழுக்கும். ஆனாலும் அவருடைய சரக்கு நமக்கு வேண்டும், நம் சரக்கு அவருக்கு வேண்டும். அதனால் தகராறுக் கணக்கை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டு, நடப்புக் கணக்கை வேறு பக்கத்தில் ஓட்டுவோம். ஒன்றை மற்றதில் கழிக்க மாட்டோம். இரண்டு அரசுகளும் பாக் நீரிணையில் செய்துவருவது இதுதான். இது முழுக்க நியாயமா என்பதைப் பிறகு பார்ப்போம். இரண்டு கணக்கிலும் என்ன எழுதியிருக்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும்.

பழைய பாக்கி

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் 1985 மார்ச் வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அதற்கு முன் நம் பகுதி ராமநாதபுரம் ஜமீன். சேதுபதிகளின் அந்த ஜமீன் கணக்கில்தான் கச்சத்தீவும் இருந்தது. ஆக, நம் ஊர்க் காட்டுக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு காலத்தில் எஜமானர் ஒருவரே. குடிநீர்கூட இல்லாத, சுமார் 285 ஏக்கர் கொண்ட தீவு அது. அந்தோணியார் கோயில் ஒன்று உண்டு. மீனவர்கள் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் போய்வந்தார்கள். மறுபக்கம் இலங்கையும் தன் உரிமையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. வெள்ளையர் காலத்திலேயே, 1921-ல், சென்னை அரசும் இலங்கை அரசும் மீன்பிடி எல்லையைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கின்றன.

1974 ஜூனில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்துகொண்ட உடன்பாட்டில், எல்லைக்கோடு தீவுக்கு மேற்கே போடப்பட்டது. தீவு அவர்கள் பக்கம் போயிற்று. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே அங்கே போய்வரலாம், பயணப் பத்திரம் தேவையில்லை என்று அதில் எழுதப்பட்டது. மீன் பிடிக்கலாமா? அந்த வார்த்தை அதில் தெளிவாக இல்லை. 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் எல்லை போட்டபோது எழுதிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று வந்துவிட்டது. கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் என்ற மீன்வளம் மிக்க கடல்மேடு நமக்கு உறுதியானதும் அப்போதுதான். இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மையான கணக்கு.

கோடு போட்ட காலத்தில் பெரிய சண்டை இல்லை. மீன் கோட்டைப் பார்த்து நீந்துவதில்லை, மீனவரும் பார்க்கவில்லை. பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, நம் கரையில் விசைப்படகுகள் பெருகின. இழுவை மடி கடலின் அடித்தரையை வாரிக்கொண்டு வரும். மீனோடு குஞ்சும் பாசியும் சேர்ந்தே வந்துவிடும். நம் பக்கத்துக் கடல் வற்றியதும் படகுகள் கோட்டைத் தாண்டின. மற்றொன்று, இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் அங்கே வடக்கே இருந்த தமிழ் மீனவர்கள் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு இருந்தது. 2009 மே மாதம் போர் முடிந்து அவர்கள் திரும்பக் கடலில் இறங்கியபோது, நம் விசைப்படகுகள் அவர்கள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதைக் கண்டார்கள். யாழ்ப்பாணத்து மீனவர் சொல்லும் குறை இது. அவரும் தமிழர், அவரும் கடன் வாங்கி வலை வாங்கியவர்.

2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2018-ல் அந்நியப் படகுகளுக்கான அபராதத்தைப் பெரிதாக உயர்த்தியது. 2024 ஒரே ஆண்டில் ஐந்நூறுக்கு மேற்பட்ட நம் மீனவர்கள் கைதானார்கள். அந்த ஜூன் மாதம் ஒரு படகைப் பிடிக்கும் முயற்சியில் இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். ஆகஸ்டில் கடற்படைக் கப்பல் மோதி ராமேஸ்வரம் மீனவர் ஒருவர் இறந்தார். இரு கரையிலும் பிணம் விழுந்த கணக்கு இது. பிடிபட்ட மீனவர் சில மாதத்தில் திரும்பிவிடுவார். படகு திரும்பாது. ஒரு விசைப்படகு என்பது ஒரு குடும்பத்தின் முழு முதல். நம்மில் ஒருவரின் கிட்டங்கியைச் சரக்கோடு பூட்டி எடுத்துக்கொண்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

நடப்புக் கணக்கு

அடுத்த பக்கத்தைப் பார்ப்போம். 2025-ல் கையெழுத்தான ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு உரியது. ஒருவர்மேல் யாராவது போர் தொடுத்தால் மற்றவர் படை அனுப்ப வேண்டும் என்ற கூட்டுப்படை ஒப்பந்தம் அல்ல. ஏற்கெனவே தனித்தனியாக நடந்துகொண்டிருந்த கூட்டுப் பயிற்சி, அதிகாரிகளுக்கு வகுப்பு, கப்பல்களின் வருகை, தளவாடத் தொழிலில் ஒத்துழைப்பு ஆகியவற்றை ஒரே குடையின்கீழ் கொண்டுவருவதே அதன் வேலை என்று இரு தரப்பும் சொல்லியுள்ளன. மீன்பிடிப்பைப் பற்றியோ கச்சத்தீவைப் பற்றியோ முடிவு செய்வது அதன் வேலை அல்ல. "தீவு திரும்பி வரப்போகிறது" என்று பேசியவர்களும், "ராமேஸ்வரத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று பேசியவர்களும் ஒன்றுபோலத் தவறான செய்தியைப் பரப்பியவர்கள்தான். கையெழுத்தானபோது முழு வாசகத்தையும் வெளியிடாமல் இருந்தது இப்படிப்பட்ட பேச்சுக்கு இடம் கொடுத்தது. இலங்கையிலும் எதிர்க்கட்சிகள் அதைத்தான் கேட்டன. இரண்டு நாட்டு மக்களுக்கும் சம்பந்தமுள்ள பத்திரத்தைப் படிக்கக் கொடுப்பதில் என்ன தடை என்பது நமக்கும் விளங்கவில்லை.

இந்த ஒத்துழைப்பு 2025-ல் முளைத்ததும் அல்ல. ஸ்லைனெக்ஸ் என்ற கடற்படைக் கூட்டுப் பயிற்சி 2005-லிருந்து நடக்கிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான இலங்கை அதிகாரிகளும் வீரர்களும் நம் பயிற்சிக் கல்லூரிகளுக்கு வருகிறார்கள். 2022 ஆகஸ்ட் 15 அன்று கடலைக் கண்காணிக்கும் டோர்னியர் விமானம் ஒன்றை இந்தியா கொடுத்தது. கொழும்பில் கடல் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் ஒன்று, 60 லட்சம் டாலர் இந்திய உதவியில் அமைந்து 2024 ஜூனில் தொடங்கப்பட்டது. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்து 260-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முன்பே இந்திய உளவுத்துறை எச்சரிக்கை கொடுத்திருந்தது. அங்கே அதை மதித்து நடவடிக்கை எடுக்கவில்லை என்பதை அவர்களுடைய விசாரணைகளே சொல்லின. தகவல் கொடுப்பது பாதி வேலைதான். வாங்குபவர் அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம் தொழிலுக்கு நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற சரக்குக் கப்பல் கொழும்புக்கு வெளியே நின்றபோது தீப்பிடித்தது. அதில் 1,486 கன்டெய்னர்கள். 25 டன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கன்டெய்னர் கசிகிறது என்று தெரிந்தும், வழியில் இரண்டு துறைமுகங்கள் அதை இறக்கிக்கொள்ள மறுத்துவிட்டன. அப்படியே ஏற்றிக்கொண்டு வந்த இடத்தில் எரிந்தது. தீயை அணைக்க இந்தியக் கடலோரக் காவல்படையின் வைபவ், வஜ்ரா கப்பல்கள் விரைந்தன. கப்பல் மூழ்கியது. பிளாஸ்டிக் மணிகள் இலங்கைக் கரையெங்கும் ஒதுங்கின, அந்தக் கடலில் மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், குவைத்திலிருந்து நம் பாரதீப் துறைமுகத்துக்குச் சுமார் 2 லட்சத்து 70 ஆயிரம் டன் கச்சா எண்ணெய் கொண்டுவந்த நியூ டைமண்ட் கப்பல், இலங்கைக்குக் கிழக்கே எரிந்தது. இரு நாட்டுக் கப்பல்களும் சேர்ந்து பல நாள் போராடி அதை அணைத்தன. அந்த எண்ணெய் கொட்டியிருந்தால் எல்லைக்கோட்டைப் பார்த்து நின்றிருக்காது. 2004 சுனாமியின்போதும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டபோதும் முதலில் போய் நின்ற வெளிநாட்டுக் கப்பல்களில் நம்முடையவை இருந்தன.

உதவி மட்டும்தான் காரணம் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீன நிறுவனத்திடம் போயிற்று. 2022 ஆகஸ்டில், இந்தியா கவலை தெரிவித்தும், யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் அங்கே வந்து ஒரு வாரம் நின்றது. ராக்கெட்டையும் செயற்கைக்கோளையும் தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகள் கொண்ட கப்பல் அது. நம் தென்கோடியில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்: கூடங்குளம், மகேந்திரகிரி, உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம், 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளம். எதிர்க்கரையில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதை டெல்லி கவனிக்காமல் இருக்க முடியாது. 2024-ல் ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களை அனுமதிப்பதில்லை என்று இலங்கை நிறுத்திவைத்தது. "எங்கள் நிலமும் கடலும் இந்தியாவின் பாதுகாப்புக்கு எதிராகப் பயன்பட விடமாட்டோம்" என்று அதிபர் திசாநாயக்க 2024 டிசம்பரில் டெல்லியில் சொல்லி, கொழும்பிலும் திரும்பச் சொன்னார். இந்த வாக்கைப் பெறத்தான் டெல்லி அத்தனை பாடுபட்டது என்பது நம் கணிப்பு.

அந்த வாக்கைக் கொடுத்தவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 1987 ஜூலை 29-ல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் செய்தார்கள். மறுநாள் அணிவகுப்பு மரியாதையில் இலங்கைக் கடற்படைச் சிப்பாய் ஒருவரே துப்பாக்கிக் கட்டையால் நம் பிரதமரை அடித்தார். அமைதிப்படை என்று போன நம் வீரர்களில் சுமார் 1,200 பேர் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் படை வெளியேறியது. அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்த கட்சிகளில் ஒன்று ஜனதா விமுக்தி பெரமுன. இந்தியச் சரக்கை விற்கக் கூடாது என்று அவர்கள் கடைகளை மிரட்டினார்கள். கடைக்காரர் என்ன செய்வார்? இரு பக்கத்துக்கும் நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைய அதிபர் அந்தக் கட்சியின் தலைவர்தான். நாற்பது ஆண்டுக்குள் இந்த மாற்றம் வந்திருக்கிறது.

நம் பக்கத்துப் பாரம்

இனி வத்தலுக்கு வருவோம். நாம் கடைக்கு வந்த புதிதில் ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வருபவர்கள் கிராம்பும் சோப்பும் கொண்டுவருவார்கள். போகும்போது சேலையும் கைலியும் வாங்கிப் போவார்கள். 1983 கலவரத்துக்குப் பின் நிலைமை முற்றி அந்தக் கப்பல் நின்றது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் ஒன்று 2023 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. இடையில் போனது நாற்பது ஆண்டு வியாபாரம். 1906-ல் வ.உ.சி. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் சுதேசிக் கப்பல் விட்டாரே, அந்தப் பாதை சரக்குக்கு மட்டும் இன்றும் பிழைப்பைக் கொடுக்கிறது. தூத்துக்குடியில் ஏறும் கன்டெய்னர்களில் பல, கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலில் மாறித்தான் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகின்றன. கொழும்பில் ஒரு வாரம் நெருக்கடி என்றால் தூத்துக்குடிக் கிட்டங்கியில் சரக்கு தேங்கும். அது நம் கமிஷன் கடைகளில் கொள்முதலைக் குறைக்கும்.

கடலில் பயம் வந்தால் வாடகை எவ்வளவு ஏறும் என்பதை நாம் 2023 நவம்பருக்குப் பிறகு பார்த்தோம். செங்கடலில் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. நாளும் கூடியது, வாடகையும் காப்பீடும் கூடின. அது எங்கோ நடந்த சண்டை. நம் கடைக்கு வரும் உளுந்தில் பெரும்பகுதி பர்மாவிலிருந்தும், துவரை ஆப்பிரிக்காவிலிருந்தும் பர்மாவிலிருந்தும், மைசூர்ப் பருப்பு கனடா, ஆஸ்திரேலியாவிலிருந்தும் கடல் வழியே வருகின்றன. கரிசல் காட்டில் மழை தப்பிய வருஷம் நமக்குச் சோறு போடுவது துறைமுகம்தான்.

பக்கத்து நாடு நொடித்தாலும் நமக்கு அடிதான். 2022-ல் இலங்கையில் டாலர் தீர்ந்தபோது, நம்மிடம் வத்தலும் மல்லியும் எடுத்து அங்கே அனுப்பிக்கொண்டிருந்த ஏற்றுமதியாளர் ஒருவருக்குப் பணம் மாதக்கணக்கில் வரவில்லை. அவர் நமக்குத் தரவில்லை, நாம் திருச்சுழி விவசாயிக்குத் தவணை சொன்னோம். அந்த ஆண்டு இந்தியா கொடுத்த உதவி சுமார் 400 கோடி டாலர். அதில் உணவு, மருந்து வாங்க 100 கோடி டாலர் கடன் வசதி. தமிழக அரசும் அரிசி, பால் பவுடர், மருந்து அனுப்பியது. பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு அடித்தளம் அங்கேதான் விழுந்தது என்று நாம் நினைக்கிறோம். கஷ்டத்தில் சரக்குக் கொடுத்தவரை யாரும் மறப்பதில்லை.

எல்லைத் தகராறு இருந்தும் கைகோப்பது நம் பக்கத்தில் மட்டும் நடப்பதல்ல. தென்சீனக் கடலில் ஸ்ப்ராட்லி தீவுகளுக்குப் பிலிப்பைன்ஸும் வியட்நாமும் இரண்டுமே உரிமை கொண்டாடுகின்றன. ஆனாலும் 2024 ஜனவரியில், கடலில் மோதல் வராமல் தடுக்கவும் கடலோரக் காவலில் ஒத்துழைக்கவும் இரண்டு ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. இருவருக்கும் சீனாவோடு அதைவிடப் பெரிய தகராறு இருக்கிறது என்பதே காரணம். நமக்கும் வங்காளதேசத்துக்கும் இருந்த கடல் எல்லை வழக்கோ 2014-ல் நடுவர் மன்றத்தில் முடிந்தது. தகராறில் இருந்த கடலில் பெரும்பகுதி அவர்களுக்குப் போயிற்று. இந்தியா ஏற்றுக்கொண்டது. 2017-ல் அவர்களோடும் பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே பாக்கியைத் தீர்த்துவிட்டு நடப்புக் கணக்கைத் திறந்தார்கள். இங்கே பாக்கியை வைத்துக்கொண்டே திறந்திருக்கிறார்கள்.

நம் குறை இதில்தான். கணக்கைத் தனித்தனியாக வைப்பது சரி. தகராறுக் கணக்கைப் பிரித்தே பார்க்காமல் மூலையில் போடுவது சரியல்ல. மீன்பிடிக்கான கூட்டுப் பணிக்குழு ஒன்றை 2016-ல் அமைத்தார்கள். அதன் ஆறாவது கூட்டம் 2024 அக்டோபரில் நடந்தது. எட்டு ஆண்டில் ஆறு கூட்டம்! நம் சங்கமே மாதம் ஒருமுறை கூடுகிறது. கடற்படை அதிகாரிகள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழகிய பிறகு, கோடு தாண்டிய படகைச் சுடாமல் திருப்பி அனுப்பும் முறையை எழுதிக்கொள்வது கஷ்டமான காரியமா? அதே சமயம் இழுவை மடியைக் கரையேற்றும் பொறுப்பு நம் பக்கத்தில் இருக்கிறது. விசைப்படகுக்காரரை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றும் திட்டத்தை 2017-ல் தொடங்கினார்கள். படகின் விலையும் கடன் சுமையும் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள். கடன் தவணையைக் கண்டு தயங்குவது என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2025 மார்ச்சில் இரு கரை மீனவர்களும் வவுனியாவில் தாங்களே நேரில் உட்கார்ந்து பேசினார்கள். அரசுகள் அந்தப் பேச்சைத் தொடரவிட வேண்டும்.

கொழும்புக்கோ கொழும்பு வழியாகவோ சரக்கு அனுப்பும் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்கக் கேட்டுக்கொள்கிறோம். கடல் காப்பீட்டுப் பாலிசியில் போர் அபாயமும், வேலைநிறுத்தம், கலவரத்தால் வரும் சேதமும் தாமாக அடங்குவதில்லை. தனிப் பிரிவாகக் கேட்டு, தனிப் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். போர்ப் பிரிவு பொதுவாகச் சரக்கு கப்பலில் இருக்கும் வரைதான், கிட்டங்கியில் இருக்கும்போது அல்ல. கப்பல் மாறும் துறைமுகத்தில் சரக்கு எத்தனை நாள் வரை பாதுகாப்பில் இருக்கும் என்பதையும் ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கு லாரி ஏற்றும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.